ட்ரையாப்ஸ் பொரிக்கல, காணாம போகுது, தலைகீழா மிதக்குது: எங்க தப்பு, என்ன பண்ணணும்

காஞ்ச முட்டைய தண்ணில போட்டு பொரிக்க வச்சு வீட்டுத் தொட்டில வளக்குற குட்டி ஜீவன் இது, இறால் நண்டுக்கு சொந்தம். தலைப்பிரட்டை இறால்னு சொன்னா எங்க வீட்ல யாருக்கும் புரியல, ட்ரையாப்ஸ்னு சொன்னா அதுவும் புரியல. கிரேக்கத்துல அதுக்கு மூணு கண்ணுன்னு அர்த்தம்னு சொன்னதும் தாத்தா "அப்ப முக்கண்ணன்னு சொல்லேன்டா"ன்னுட்டாரு, அன்னில இருந்து தொட்டில இருக்குறது எல்லாமே முக்கண்ணன்தான். நிஜமாவே மூணு கண்ணு இருக்கு, நெத்தில பக்கத்து பக்கத்துல ரெண்டு பெருசு, அதுக்கு நடுவுல சின்னதா ஒண்ணு, அது வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டும் பாக்கும்.

நான் எழுதுறது ட்ரையாப்ஸ் லாங்கிகாடேட்டஸ் பத்தி, கடைல முட்டையோட விக்கிற கிட்ல வர்றது பெரும்பாலும் இதான், அமெரிக்கா பக்கத்து ஆளு. ஐரோப்பால இருக்குற கான்க்ரிஃபார்மிஸ் கொஞ்சம் குளிர் தாங்கும், நம்ம நாட்டு மழைக்குட்டைல இருக்குற கிரானேரியஸ் வேற இனம், ஆனா கீழ சொல்றதுல முக்கால்வாசி எல்லாத்துக்கும் பொருந்தும்.

முதல் மூணு தடவை எனக்கு மொத்தமா ஊத்திக்கிச்சு. நாலாவது தடவைதான் புரிஞ்சுது, இத மீன் மாதிரி நினைச்சு வளக்கக்கூடாது, இது குட்டைல வாழுற ஜீவன். மழை பேஞ்ச அன்னிக்கு குட்டைல இருக்குறது உப்பே இல்லாத தண்ணி, நல்ல வெளிச்சம், கதகதப்பு, சாப்பிட பெருசா ஒண்ணும் கிடையாது. நாள் போகப்போக தண்ணி கலங்கும், பாசி வரும், வத்த வத்த உப்பும் சுண்ணாம்பும் ஏறும், கடைசில மொத்தமா காஞ்சிடும். அதுக்குள்ள இது பொரிச்சு வளந்து முட்டை போட்டு முடிச்சாகணும். உங்க தொட்டில என்ன கோளாறு வந்தாலும் "இன்னிக்கு இது குட்டையோட எத்தனாவது நாள்"னு மட்டும் கேட்டுக்கோங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

முட்டை போட்டு மூணு நாளாச்சு, ஒண்ணுமே பொரிக்கல

அதிகமா கேக்குற கேள்வி இதான், எல்லாரும் சொல்ற காரணம் "முட்டை செத்துப்போச்சு போல, பழசா குடுத்து ஏமாத்திட்டான்". அப்படி சுலபமா சாகுற முட்டை இல்லங்க இது. சூடான் நாட்டுல எடுத்த ட்ரையாப்ஸ் முட்டைய காஞ்ச நிலைல 98 டிகிரில 16 மணி நேரம் வச்சிருந்து அப்புறமும் பொரிச்சுதுன்னு 1968லயே ஆய்வு வந்திருக்கு. 2021 ஜூலைல அரிசோனால வுபட்கின்னு ஒரு இடத்துல, பழங்குடி மக்கள் கட்டின பழைய பந்து மைதானத்துல மழைத்தண்ணி தேங்கி நின்னதும் நூத்துக்கணக்குல ட்ரையாப்ஸ் நீந்த ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் முட்டையெல்லாம் மண்ணுக்குள்ளதான் கிடந்துச்சு. அதனால அலமாரில ஒரு வருஷம் கிடந்த பாக்கெட்டு மேல பழி போடாதீங்க, பாக்கெட்டுக்குள்ள ஈரம் போயிருந்தா மட்டும்தான் சந்தேகப்படணும்.

முதல் சந்தேகம் தண்ணி மேலதான். புது மழைத்தண்ணி மாதிரி உப்பு ரொம்ப ரொம்ப கம்மியா இருந்தாதான் முட்டைக்கு "மழை வந்துடுச்சு, எந்திரி"ன்னு சிக்னல் போகும். எங்க ஏரியா போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 1100, அதுல நான் முட்டைய போட்டுட்டு ஒரு வாரம் தவம் கிடந்தேன், அது மக்கு வேலைன்னு இப்ப தெரியுது. சரி ஆர்ஓ தண்ணிதானே ஊத்தினேன்னு சொல்றீங்களா, வீட்டு ஆர்ஓ மெஷின்ல ருசிக்காக கொஞ்சம் பழைய தண்ணிய திரும்பக் கலந்து விடுற ஏற்பாடு இருக்கும், அளந்து பாத்தா சில வீட்ல 100, 150 கூட காட்டும். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கிடைக்குது, வாங்கி வச்சுக்கோங்க, இந்த ஹாபில நான் உருப்படியா செஞ்ச செலவு அது ஒண்ணுதான். 50க்கு கீழ இருந்தா நல்லது. டிஸ்டில்டு வாட்டர் வாங்கலாம், இல்லன்னா மழைக்காலத்துல மொட்டை மாடில நேரா வானத்துல இருந்து விழுற தண்ணிய பாத்திரத்துல பிடிங்க, முதல் மழை வேண்டாம், அது காத்துல இருக்குற புழுதியெல்லாம் கழுவிட்டு வரும், ரெண்டாவது மூணாவது மழை சுத்தமா இருக்கும். கோயம்புத்தூர்ல இருக்குற என் மாமா பையன் சிறுவாணி தண்ணிய பக்கெட்ல ஒரு நாள் திறந்து வச்சு அப்படியே ஊத்தி முதல் தடவையே பொரிக்க வச்சுட்டான், எனக்கு வயித்தெரிச்சல். திறந்து வைக்கச் சொல்றது குளோரின் போறதுக்கு. உங்க ஊர்ல குளோரமின் போடுறாங்கன்னா அது அப்படி போகாது, மீன் கடைல கிடைக்குற குளோரின் நீக்கி போட்டுதான் ஆகணும், அப்படி போட்ட தண்ணிய பொரிக்க வைக்க பயன்படுத்தாதீங்க, வளந்த பிறகு மாத்தறதுக்கு மட்டும் வச்சுக்கலாம்.

ரெண்டாவது வெளிச்சம். இருட்டு அலமாரில வச்சா பொரிக்காது, ஏன்னா ஆழமா மண்ணுக்குள்ள புதைஞ்ச முட்டை பொரிச்சு மேல வர முடியாதுல்ல, வெளிச்சம் பட்டாதான் தான் மேல இருக்கோம்னு அதுக்குத் தெரியும். டேபிள் லேம்ப்ல ஒரு சாதா எல்ஈடி பல்பை போட்டு ராத்திரி பகல் ரெண்டு நாள் எரிய விடுங்க. நேர் வெயில் வேண்டாம், சின்ன டப்பா வெயில்ல அரை மணி நேரத்துல கொதிச்சிடும்.

சூடு 22ல இருந்து 30 டிகிரிக்குள்ள இருந்தா போதும். சென்னை, மதுரைல இது பிரச்சனையே இல்ல. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்குறவங்களும் டிசம்பர்ல பெங்களூர்ல இருக்குறவங்களும்தான் லேம்ப்பை கொஞ்சம் பக்கத்துல வைக்கணும், 15க்கு கீழ போச்சுன்னா பொரிக்கும்னு நம்பாதீங்க.

மூணாவது, இது யாரும் பாக்குறதில்ல, முட்டை மிதக்குது. தூசி மாதிரி இருக்குறதால தண்ணி மேல படலத்துல ஒட்டிக்கிட்டு டப்பா ஓரத்துல போய் ஒதுங்கிடும், தண்ணி கொஞ்சம் வத்தினா சுவத்துலயே காஞ்சு நிக்கும். காலைல ஒரு தடவை சாயந்திரம் ஒரு தடவை சின்ன பிரஷ்ஷால ஓரத்தை தடவி தண்ணிக்குள்ள தள்ளி விடுங்க.

அப்புறம், பொரிச்சிருக்கும், உங்களுக்கு தெரிஞ்சிருக்காது. அரை மில்லிமீட்டர் சைஸ், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு டப்பா பக்கவாட்டுல செல்போன் டார்ச்சை வைங்க, பின்னாடி ஒரு கறுப்பு துணி. தூசின்னா மெதுவா ஒரே சீரா மிதந்து போகும், குஞ்சுன்னா வெட்டி வெட்டி குதிக்கும், ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் மாறிப்போகாது, ரெண்டு நிமிஷத்துல வெளிச்சம் இருக்குற மூலைக்கு எல்லாம் கூட்டமா வந்து நிக்கும்.

அஞ்சு நாள் ஆகியும் இல்லன்னா தண்ணிய கொட்டிடாதீங்க. எல்லா முட்டையும் ஒரே மழைல பொரிச்சு, குட்டை சீக்கிரம் காஞ்சிடுச்சுன்னா வம்சமே போச்சுல்ல, அதனால ஒரு பங்கு மட்டும்தான் ஒரு தடவைல எந்திரிக்கும், மீதி அடுத்த மழைக்குன்னு தூங்கும். மெதுவா தண்ணிய வடிச்சு அடில இருக்குறத ரெண்டு மூணு வாரம் நல்லா காய விட்டு மறுபடி நனைங்க. எனக்கு மூணாவது நனைப்புல பொரிச்ச மணல் கூட உண்டு.

பொரிச்சுது, பாத்தேன், ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ஒண்ணு கூட இல்ல

இதுக்கு பெரும்பாலும் காரணம் நம்ம பாசம்தான். பொரிச்ச உடனே சாப்பாடு போடுறோம். அதுக்கு வயித்துலயே மஞ்சக்கரு இருக்கு, முதல் நாள் அது சாப்பிடவே சாப்பிடாது, நீங்க போட்ட ஃபுட் அடில உக்காந்து அழுகி, டம்ளர் அளவு தண்ணில இருக்குற ஆக்சிஜனை பாக்டீரியா குடிச்சு முடிச்சிடும். மூணாம் நாள் காலைல ஆரம்பிங்க, பல்குத்தும் குச்சி நுனிய ஈரம் பண்ணி ஸ்பைருலினா பவுடர்ல (காஞ்ச பாசிப் பொடி) தொட்டு தண்ணில ஒரு கலக்கு, அவ்ளோதான், அதுவே ஜாஸ்தின்னு சொல்லுவேன். இதைவிட நல்ல வழி, முட்டை போடும்போதே காஞ்ச நாட்டு பாதாம் இலைல ஒரு நகத்தளவு துண்டு கூடவே போட்டு விடுறது, ரெண்டு நாள்ல அதைச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத பொடி ஜீவனெல்லாம் உருவாகும், குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். குட்டைல யாரு வந்து மீன் தீனி ஃபிளேக்ஸ் போடுறாங்க, மக்குன இலைதானே இருக்கு.

இன்னொரு காரணம், சின்ன டப்பால இருந்து பெரிய தொட்டிக்கு சட்டுனு மாத்துறது. உப்பே இல்லாத தண்ணில பொறந்ததை டிடிஎஸ் 400 இருக்குற தொட்டில கவுத்தா அதிர்ச்சில செத்துடும், உங்களுக்கு தெரியிறது "காணோம்"ங்கிறது மட்டும்தான், ஏன்னா அந்த சைஸ்ல பொணம் கூட கிடைக்காது. ஒரு வாரம் வரைக்கும் மாத்தாதீங்க, மாத்தும்போது பெரிய தொட்டி தண்ணிய அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு ரெண்டு ஸ்பூனா டப்பால விட்டு அரை நாள் பழக்குங்க. ராத்திரி ஏசி போடுற ரூம்ல சின்ன டப்பா வைக்கிறதும் இதே கதைதான், 29ல இருந்து 22க்கு இறங்கி காலைல மறுபடி 29.

பத்துக்கு ஏழு போனா கூட பயப்படாதீங்க. மிஞ்சுறது ரெண்டுன்னாலும் போதும், பல இடத்து ட்ரையாப்ஸ்ல ஜோடியே வேணாம், ஒத்த ஆளா இருந்து முட்டை போட்டுக்கும்.

தண்ணி பால் மாதிரி வெள்ளையா ஆயிடுச்சு

ஓவர் சாப்பாடு. ரெண்டு நாள் பட்டினி போடுங்க, அடில இருக்குறத சொட்டு மருந்து ஃபில்லரால உறிஞ்சி எடுங்க, கால்வாசி தண்ணி மாத்துங்க, முழுசா மாத்தாதீங்க. பச்சையா ஆனாலோ டீ கலர்ல ஆனாலோ கெட்டுப்போகல, பச்சைன்னா பாசி, டீ கலர்னா இலைல இருந்து இறங்குனது, ரெண்டும் நல்லதுதான். நாத்தம் அடிச்சா மட்டும் கவலைப்படுங்க.

எப்பப் பாத்தாலும் தலைகீழா தண்ணி மேலயே இருக்கு

மல்லாக்க படுத்துக்கிட்டு காலை மேல ஆட்டிட்டு இருக்கும். பாக்க அழகா இருக்கும், அறுபது எழுபது ஜோடி வரைக்கும் கால் உண்டு, முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் அலை ஓடும், நாத்து வயல்ல காத்தடிக்கிற மாதிரி. அந்தக் கால்தான் அதுக்கு செவுளும், மூச்சு வாங்குறதும் அதுல, சாப்பாட்ட தள்ளுறதும் அதுல.

எப்பவாவது ஒரு தடவை அப்படி வந்தா மேல மிதக்குற பொடிய திங்குதுன்னு அர்த்தம், விடுங்க. எல்லாமே ஒரே நேரத்துல மேல வந்து, குறிப்பா விடியக்காலைல, மணிக்கணக்கா அப்படியே இருந்தா கீழ ஆக்சிஜன் இல்ல. இன்னொரு அடையாளமும் உண்டு, உடம்பு செவப்பா இளஞ்சிவப்பா மாறும், ஆக்சிஜன் குறைஞ்சா நம்ம ரத்தத்துல இருக்குற அதே ஹீமோகுளோபினை இதுவும் ஜாஸ்தி பண்ணிக்கும். அதனால "ஐ, கலர் வந்துடுச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி ஏர் பம்பை பாருங்க.

பாட்டில் மாதிரி உயரமான பாத்திரத்துல வளக்குறவங்களுக்குத்தான் இது அதிகம். அகலமான ட்ரே, தண்ணி பத்து பன்னெண்டு செண்டிமீட்டர் ஆழம், அது போதும், காத்து பட பரப்பு வேணும். ஏர் பம்பு வைக்கிறதா இருந்தா வேகத்தை குறைச்சு ஒரு செண்டிமீட்டர் ஆனப்புறம் வைங்க, குட்டியா இருக்கும்போது நீரோட்டத்துல சுழட்டி அடிச்சிடும். பவர் ஃபில்டர் வச்சா குழாய் வாய்ல ஸ்பாஞ்சு கட்டணும், கட்டாம நான் ஒண்ணை இழந்திருக்கேன், விவரம் வேண்டாம்.

மே மாசத்துல இது இன்னும் மோசம், தண்ணி சூடாக சூடாக ஆக்சிஜன் தங்காது. 32 தாண்டிச்சுன்னா தொட்டிய தரைல இறக்கி வைங்க, டேபிள் ஃபேனை தண்ணி மேல படுற மாதிரி திருப்பி விடுங்க, ரெண்டு மூணு டிகிரி குறையும். ஐஸ் கட்டிய நேரா போடாதீங்க.

அடில ஒண்ணு செத்துக் கிடக்கு, ஆனா எண்ணிப் பாத்தா கணக்கு சரியா இருக்கு

என் பொண்ணு காலைல ஆறு மணிக்கு எழுப்பி "அப்பா, குண்டன் செத்துட்டான்"னு அழுதா. போய் பாத்தா அடில முழு உருவம், ஓடு, கால், வால் நூல் ரெண்டும் அப்படியே இருக்கு, ஆனா ஜெலட்டின் பேப்பர் மாதிரி வெளுத்து கிடக்கு, குண்டன் அதுக்கு பக்கத்துலயே மண்ணை தோண்டிட்டு இருக்கான், நேத்தைக்கு விட பெருசா. சட்டை உரிச்சிருக்கு, அவ்ளோதான். முதல் ரெண்டு வாரம் கிட்டத்தட்ட தினமும் உரிக்கும். உரிச்ச சட்டைய எடுக்க அவசரப்படாதீங்க, அதுவே கொஞ்சம் தின்னுக்கும், மிச்சத்தை மறுநாள் எடுங்க.

சட்டை பாதில மாட்டிக்கிச்சு

இது நிஜமான பிரச்சனை. பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கும், பழைய ஓடு முதுகுல தொங்கும், இல்ல வால்ல பின்னிக்கிட்டு இருக்கும், கால் மட்டும் வேகமா அடிக்கும். கையால இழுத்து உதவி பண்றேன்னு போகாதீங்க, உள்ள இருக்குற புது ஓடு ஈரப் பேப்பர் மாதிரி இருக்கும், கிழிஞ்சிடும். இந்த தடவை அது பிழைக்கிறது அதோட கைல, அடுத்தது மாட்டாம பாக்குறதுதான் நம்ம வேலை.

மேல உப்பே இல்லாத தண்ணி வேணும்னு அத்தனை அழுத்தி சொன்னேன்ல, அதையே பிடிச்சுக்கிட்டு மூணு வாரமும் டிஸ்டில்டு வாட்டரே ஊத்திட்டு இருக்குறவங்க தொட்டிலதான் இது நடக்கும். குட்டைய நினைச்சுப் பாருங்க, முதல் நாள்தான் அது மழைத்தண்ணி, பத்தாவது நாள் மண்ணுல இருந்து சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு, தண்ணியும் வத்தி, கடினத் தண்ணியாயிடும். ஓடு கட்டுறதுக்கு அது வேணும். ஒரு வாரம் ஆனதும் தண்ணி மாத்தும்போது பாதி ஆர்ஓ, பாதி குளோரின் போன குழாய்த்தண்ணின்னு கலந்து மெல்ல மெல்ல ஏத்துங்க, 200லருந்து 400 வரைக்கும் என் தொட்டில நல்லாவே இருக்கு. நாட்டு மருந்து கடைல கடல் நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு குடுப்பாங்க, கிளிக்கூண்டுல தொங்க விடுறது, அதுல கட்டைவிரல் நகம் அளவு துண்டு ஒண்ணு தொட்டில போட்டு வைங்க, தேவைக்கு கரைஞ்சுக்கும். பொடி பண்ணி கொட்டாதீங்க.

சாப்பாடும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. ஃபிளேக்ஸ் மட்டும் போடாம காஞ்ச இறால் ஒரு துணுக்கு (உப்புக் கருவாடு இல்லங்க, மீனுக்கு விக்கிறது), ஒரு நாள் கேரட் வட்டமா மெலிசா ஒண்ணு. கேரட்டை கட்டிப்பிடிச்சு உருட்டிட்டே திங்கும், பத்து நிமிஷம் நின்னு பாப்பீங்க.

வால் இல்ல, கால் இல்ல, நாலு இருந்தது மூணாச்சு

ஒண்ணை ஒண்ணு தின்னுது. கூச்சப்பட ஒண்ணும் இல்ல, அதோட சுபாவம், சட்டை உரிச்சு மெத்துனு இருக்குறவன் மாட்டினா முடிஞ்சுது. குறைக்க வழி ரெண்டுதான், பசி இருக்கக்கூடாது, நெருக்கம் இருக்கக்கூடாது. வளந்ததுக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டராவது குடுங்க. காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுன்னு கொஞ்சமா போடுங்க, ஒரே நேரத்துல மொத்தமா போட்டுட்டு ஆபீஸ் போகாதீங்க. வளர்ற வேகம் அப்படி, ஒரு வாரத்துல ஒரு செண்டிமீட்டர், அதுக்கடுத்த ரெண்டு வாரத்துல வால் இல்லாமலே மூணு நாலு செண்டிமீட்டர். கால் நுனி, வால் நூல் போனதுக்காக அழ வேணாம், அடுத்தடுத்த சட்டைல கொஞ்சம் கொஞ்சமா வளரும்.

ஒண்ணு மட்டும் மத்ததை விட பெருசாகி ரவுடி ஆயிட்டா தனியா எடுத்துடுங்க. எங்க வீட்டு குண்டன் கடைசி வரைக்கும் தனி ஐஸ்கிரீம் டப்பாலதான் இருந்தான்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னிக்கு எல்லாமே செத்துக் கிடக்கு

ஒவ்வொண்ணா சாகாம எல்லாம் ஒரே ராத்திரில போச்சுன்னா அது நோய் இல்ல, விஷம். இதை நான் அனுபவிச்சு சொல்றேன். மூணாவது தடவை ஒன்பது இருந்துச்சு, ரெண்டு வாரம் முடிஞ்சு முட்டைப் பை கூட தெரிய ஆரம்பிச்சது. ரெண்டு நாள் கல்யாணத்துக்கு ஊருக்கு போனோம், அம்மா வீட்ல இருந்தாங்க, தொட்டில தண்ணி குறைஞ்சிருக்கேன்னு பாசமா ஒரு சொம்பு ஊத்தி விட்டிருக்காங்க. வந்து பாத்தா தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, நாத்தம் இல்ல, சூடு இல்ல, பம்பு ஓடுது, ஒன்பதும் அடில. எந்தத் தண்ணிம்மா ஊத்தினீங்கன்னு கேட்டா "நாம குடிக்கிற தண்ணிதான்டா, நல்ல தண்ணி"ங்கிறாங்க. செப்புக்குடத்துல ராத்திரி பூரா வச்ச தண்ணி. நமக்கு ஒண்ணும் பண்ணாத அந்த துளி செம்பு, இறால் நண்டு வகைக்கெல்லாம் விஷம். அம்மாகிட்ட நான் இதை சொல்லவே இல்ல, தண்ணி சூடாயிடுச்சும்மான்னு சொல்லிட்டேன்.

அதனால வரிசையா யோசிங்க. செப்புக்குடம், செப்பு பாட்டில். மீனுக்கு போடுற வெள்ளைப்புள்ளி மருந்து, பாசி மருந்து, இதுல பலதுலயும் செம்பு உப்பு இருக்கும், அந்த மீன் தொட்டி தண்ணியையோ வலையையோ இதுல போட்டாலும் போதும். கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே, செவுத்துல சொருகுற லிக்விட், இதெல்லாம் பூச்சிய கொல்லத்தான் செஞ்சது, நம்மாளும் பூச்சிக்கு சொந்தக்காரன்தான், ரூம்ல ஸ்ப்ரே அடிச்சா தொட்டிய மூடி வேற ரூமுக்கு தூக்கிட்டு போயிடுங்க. சோப்பு போட்டு கழுவின டப்பா, கைல தடவின கிரீம். முழுத் தண்ணியையும் ஒரே தடவைல மாத்துனது. இதுல எதுவும் இல்லன்னா ராத்திரி கரண்ட் போய் பம்பு நின்னுச்சான்னு பக்கத்து வீட்ல கேளுங்க.

விஷம்னு உறுதியாச்சுன்னா அந்த மணலை கொட்டாதீங்க, அதுல முட்டை இருக்கலாம். நல்ல தண்ணில நாலஞ்சு தடவை அலசி, அலசுன தண்ணிய மெல்லிய துணில வடிகட்டி காய வைங்க. எனக்கு அந்த ஒன்பதோட மணல்ல இருந்துதான் நாலாவது தலைமுறையே வந்துச்சு.

கூடவே வேற என்னமோ நீந்துது

வாங்கின மணல்ல வேற முட்டையும் கலந்திருக்கும். கடுகு சைஸ்ல ரெண்டு ஓட்டுக்குள்ள உருண்டு போறது ஆஸ்ட்ராகாட், மல்லாக்கவே நீந்துற மெலிசான அழகன் ஃபேரி ஷ்ரிம்ப், ரெண்டும் குட்டைல இதோட பக்கத்து வீட்டுக்காரங்கதான். கொசுப்புழு வந்தா இன்னும் நல்லது, ட்ரையாப்ஸ் பிடிச்சு தின்னுடும். ஆனாலும் வலை போட்டு மூடுங்க, பக்கத்து வீட்டுக்கு வர்ற கார்ப்பரேஷன் ஆளுக்கு இதெல்லாம் விளக்கிட்டு இருக்க முடியாது.

முட்டை போட்டுச்சு, ஆனா அந்த முட்டை தொட்டில பொரிக்கவே இல்ல

பொரிக்கக் கூடாதுங்க, அதான் சரி. பதினொண்ணாவது ஜோடி கால்ல ரெண்டு பக்கமும் சின்ன கிண்ணம் மாதிரி பை இருக்கும், அதுக்குள்ள இளஞ்சிவப்பு உருண்டைங்க தெரியும், மண்ணை கிளறி கிளறி உள்ள போட்டு மூடும். அப்படி போட்ட முட்டை காஞ்சு மறுபடி நனையணும், அப்பதான் எந்திரிக்கும். தண்ணிலயே இருந்து ஒண்ணு ரெண்டு பொரிக்கிறதும் உண்டு, பொரிச்ச கையோட பெருசுங்க தின்னுடும்.

அடில மணல் போடலன்னா முட்டை ஃபில்டருக்குள்ளயும் அழுக்கோட அழுக்காவும் போயிடும். நல்லா அலசின பொடி ஆத்து மணல் ஒண்ணு ரெண்டு செண்டிமீட்டர் போதும், கடல் மணல் வேண்டாம், கட்டட வேலைக்கு வர்ற கிரஷர் பொடியும் வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் தண்ணிய வடிச்சு மணலை தாம்பாளத்துல பரப்பி நிழல்ல காய வைங்க, எறும்பு வராம பாத்துக்கோங்க. கைல எடுத்தா பொலபொலன்னு உதிரணும், ரெண்டு வாரம் ஆகும், நாலு வாரம்னா இன்னும் நல்லது. காகிதக் கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. அரை ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல கட்டினா பூஞ்சை பிடிச்சு மொத்தமும் வீண்.

மந்தமா ஆயிடுச்சு, சாப்பிடல, ஓடு மங்கலா இருக்கு

எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க. நாப்பது அம்பது நாள் தாண்டியிருந்தா அது வியாதி இல்ல, வயசு. நல்லா பாத்துக்கிட்டா சிலது தொண்ணூறு நாள் வரைக்கும் போகும், சூடான தண்ணில வேகமா வளந்தது சீக்கிரமாவே போயிடும். இருபது நாள்லயே மந்தமானா மட்டும் தண்ணிய சோதிங்க. குழந்தைங்க இருக்குற வீட்ல ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, எங்க வீட்ல குண்டன் அறுபத்து மூணாவது நாள் போனான், மொட்டை மாடி செம்பருத்தி தொட்டில அடக்கம்.

மிச்சம் ஆயிடுச்சு, ஏரில விடலாமா, வயல்ல விடலாமா

விடாதீங்க. ஜப்பான்ல இதுக்கு கபுத்தோ எபின்னு பேரு, நெல் வயல்ல களையை கிளறி எடுக்குதுன்னு அங்க சில விவசாயிங்களுக்கு இது செல்லப்பிள்ளை, அங்க நாத்தை வளத்து நடவு போடுறாங்க. கலிஃபோர்னியால வயல்லயே விதைக்கிறாங்க, அங்க இதே ஜீவன் முளை விட்ட நெல்லை பிடுங்கி தண்ணிய கலக்கி விடுற பூச்சின்னு மருந்து அடிக்கிறாங்க. நம்ம ஊர் நேரடி விதைப்பு வயல்ல இது எந்தக் கட்சில சேரும்னு சோதிச்சுப் பாக்க பக்கத்து வீட்டுக்காரர் வயல் இடம் இல்ல, நம்ம நாட்டு கிரானேரியஸ் இருக்குற குட்டைல இது போய் உக்காந்தாலும் வம்பு. தொட்டி கழுவுற தண்ணிய கூட கால்வாய்ல விடாம செடித்தொட்டில ஊத்துங்க. மணல் வேண்டாம்னு தோணினா தண்ணில போட்டு அடுப்புல பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு அப்புறம் கொட்டுங்க, சும்மா வெயில்ல போட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது.